உளவு நாவல் தொடர் கூர்மழுங்கிவிட்டதா? தீர்ப்புச் சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை

பல ஆண்டுகளாக வெளிவரும் ஓர் உளவு நாவல் தொடரைப் பற்றி வாசகர்கள் பேசும்போது, "முன்பு போல இல்லை" என்ற வாக்கியம்தான் அதிகம் அடிபடுகிறது. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் எது முன்பு போல இல்லை என்று சொல்லாதவரை, அடுத்த பாகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு அந்தக் கருத்தால் எந்தப் பயனும் இல்லை.

பழைய பாகத்தை நினைவிலிருந்து ஒப்பிடாதீர்கள். என்றோ விடிய விடியப் படித்த நாவல் நினைவில் எப்போதும் ஒரு சுற்று பெருத்தே இருக்கும். தொடக்க காலப் பாகம் ஒன்றையும் அண்மைப் பாகத்தையும் எடுத்து, இரண்டிலும் முதல் ஐம்பது பக்கங்களை ஒரே நாளில் படியுங்கள். நாயகனுக்குத் தேவையான தகவல் அவன் கைக்கு எப்படி வந்துசேர்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

1953இல் வெளிவந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவலான 'கேசினோ ராயல்' இதற்கு நல்ல அளவுகோல். ஹோட்டல் அறைக்குத் திரும்பும் பாண்ட், மேசை இழுப்பறையில் தான் செருகிவைத்த தலைமுடி அப்படியே இருக்கிறதா, அலமாரிக் கைப்பிடியில் இட்ட பவுடர் கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறான். கழிவறைத் தொட்டியின் நீர்மட்டத்தைக்கூட விட்டுவைப்பதில்லை. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை, ஆனாலும் யாரோ வந்துபோயிருப்பார்களோ என்ற பயம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. நீங்கள் படிக்கும் தொடரின் அண்மைப் பாகத்தில் செயற்கைக்கோளும் ஒரு கணினி நிபுணரும் கேட்ட மாத்திரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்றால், அங்கே உளவு வேலையே நடக்கவில்லை. நாயகன் துப்பாக்கி வைத்திருக்கும் கூரியர்காரர், அவ்வளவுதான்.

அடுத்து, ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் நாயகன் எதை இழந்தான் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். 1957இல் வந்த பாண்ட் நாவலின் கடைசிப் பக்கத்தில் அவன் நஞ்சேறிச் சரிகிறான். அடுத்த ஆண்டே மறு நாவலில் எழுந்து வந்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் செத்துவிடுவான் என்று எந்த வாசகர் நம்புவார்? உயிருக்கு ஆபத்து என்ற மிரட்டல் எடுபடாமல் போனபின், நட்பையோ நம்பிக்கையையோ மனசாட்சியையோதான் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. தொடர்ந்து மூன்று பாகங்களுக்கு அந்த வரி வெறுமையாகவே இருந்தால், தொடர் ஒப்பேற்றலில் இறங்கிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

பழியை யார் மீது போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, பனிப்போரை நம்பிக் கட்டப்பட்ட கதைகளுக்கு எதிரியே இல்லாமல் போயிற்று. ஜேசன் போர்ன் என்ற உளவாளியை வைத்து நாவல் தொடர் எழுதிய ராபர்ட் லட்லம் 2001இல் இறந்தபின், 2004 முதல் அந்தத் தொடரை எரிக் வான் லஸ்ட்பேடர் என்ற வேறோர் எழுத்தாளர் தொடர்ந்தார். ஆனாலும் தலைப்போடு லட்லமின் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. ஆகவே அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரையும் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள் சலிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆறு பாகங்களை மூச்சுவிடாமல் படித்தவருக்கு ஏழாவது பாகம் புளிக்கத்தான் செய்யும். எழுத்தாளர் பாதையை மாற்றினாலும் நாம் விடுவதில்லை என்பதும் உண்மை. 1962இல் பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயான் ஃப்ளெமிங் ஒரு நாவலை முழுக்க ஓர் இளம்பெண்ணின் குரலில் எழுதி, பாண்டைப் பிற்பகுதியில்தான் நுழைத்தார்; அதற்குக் கிடைத்த வசவில் அவரே மனம் நொந்துபோனார். "அரைத்த மாவையே அரைக்கிறார்" என்பவரும் "ஏன் மாற்றினார்" என்பவரும் பல சமயம் ஒரே ஆள்தான்.

கருத்தை எழுதும்போது, "வில்லன் சப்பென்று இருக்கிறான்" என்று நிறுத்தாதீர்கள். "வில்லனின் திட்டம் நாற்பதாம் பக்கத்திலேயே நாயகனுக்குத் தெரிந்துவிடுகிறது, மீதி முந்நூறு பக்கமும் துரத்தல்தான்" என்று எழுதினால், துரத்தலை விரும்புகிறவர் அதே வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கவும்கூடும். எந்தப் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள். உள்ளிருந்து காட்டிக்கொடுத்தவர் யார் என்பதை மட்டும், அது எத்தனை பழைய பாகமாக இருந்தாலும், சொல்லாதீர்கள். முதல் பாகத்தை இன்றைக்குத்தான் கையில் எடுக்கும் ஒருவர் உங்கள் கருத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம்.