அரிசோனாவில் குளிர்காலம் தங்குவோருக்குக் காடை வேட்டை: பருவத்தைக் கணிப்பதும் களத்தில் நடப்பதும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சொனோரா பாலைவனத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை வீடெடுத்துத் தங்குபவர், இந்த ஆண்டு பறவை கிடைக்குமா என்று அறிய விரும்பினால், சென்ற குளிர்காலத்து மழைக் கணக்கை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். இப்பாலைவனத்தின் முதன்மையான வேட்டைப் பறவையான காம்பெல் காடையின் இனப்பெருக்கம் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்யும் மழையைச் சார்ந்தது. அந்த மழையில் முளைக்கும் பசும்பூண்டுகளைத் தின்றுதான் காடைகள் முட்டையிடுவதற்கான சத்தைப் பெறுகின்றன. மழை பொய்த்தால் பல காடைகள் இணை சேராமலே வசந்தத்தைக் கழித்துவிடும். எனவே இரண்டு குளிர்காலங்கள் தொடர்ந்து வறண்டிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வதும், நல்ல மழைக்கு அடுத்த பருவத்தில் விடுப்பைத் தாராளமாக ஒதுக்குவதும் அறிவுடைமை.

அரிசோனாவில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அம்மாநிலவாசி ஆகிவிடுவதில்லை. வேட்டை உரிமத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதங்கள் அங்கேயே நிலையாகக் குடியிருந்து, வேறெந்த மாநிலத்திலும் குடியிருப்புச் சலுகை கோராதவருக்கே உள்ளூர்க் கட்டணம் பொருந்தும். மற்றவர்கள் வாங்கும் வேட்டை-மீன்பிடி கூட்டு உரிமம் ஓராண்டுக்கு 160 டாலர். ஒரு நாளைக்கான குறுகிய கால உரிமம் 20 டாலர். எட்டு நாளுக்கு மேல் களமிறங்க எண்ணினால் ஆண்டு உரிமமே இலாபம். புறாக்களையும் சுட விரும்பினால் உரிமத்தோடு சேர்த்து வாங்கும் வலசைப் பறவை முத்திரை தனியாக வேண்டும். துப்பாக்கியிலும் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு இருக்க வேண்டும். வெண்சிறகுப் புறாவுக்கான செப்டம்பர் பருவம் குளிர்கால விருந்தினர் வருமுன்பே முடிந்துவிடுகிறது.

காம்பெல் காடைக்கான பருவம் வழக்கமாக அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரித் தொடக்கம் வரை நீடிக்கும். நாளொன்றுக்குப் பதினைந்து பறவைகள் வரை எடுக்கலாம். தேதிகளை ஆண்டுதோறும் மாநில வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறையின் விதிநூலில் சரிபார்ப்பது கட்டாயம். உரிமம் உள்ளவர் வேட்டையின் பொருட்டு மாநில அறக்கட்டளை நிலங்களில் (பள்ளி முதலிய பொது அமைப்புகளின் வருவாய்க்காக மாநில அரசு வைத்திருக்கும் நிலங்கள்) நுழையலாம்; கூட்டரசின் பொது நிலங்களும் பரந்து கிடக்கின்றன. பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலங்களில் அவர்களுடைய அனுமதி தனியே வேண்டும். ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து கால் மைலுக்குள் உரியவரின் அனுமதியின்றிச் சுடுவது குற்றம். புறநகர்கள் பாலைவனத்துக்குள் வேகமாகப் புகுந்துவருவதால், பழைய வரைபடத்தை நம்பிப் புறப்படக் கூடாது.

களத்தில் கண்ணுக்கு முன் காதுக்கு வேலை கொடுங்கள். விடிந்த சிறிது நேரத்தில் வண்டியை நிறுத்தி, வறண்ட ஓடையின் கரையில் அசையாமல் நின்றால், சிதறியிருக்கும் காடைகள் ஒன்றையொன்று அழைக்கும் "சி-கா-கோ" என்ற குரல் கேட்கும். குரல் கேட்காவிட்டால் ஓடை மணலில் சிறு காலடித் தடங்களையும், மெஸ்கீட், பாலோவெர்டே மரங்களின் அடியில் புதிய எச்சங்களையும், மண்குளியல் நடந்த குழிகளையும் தேடுங்கள். மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு என்பதால், அதன் நிழலையும் முள்ளையும் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. கூட்டத்தைக் கண்டதும் மெதுவாகப் பதுங்கி நடப்பவரை இப்பறவைகள் எளிதில் ஏமாற்றிவிடும். அவை பறக்காமல் புதருக்குப் புதர் ஓடி, பெரும்பாலும் மேட்டை நோக்கி மறையும். ஆகவே தொடக்கத்தில் விரைந்து நெருங்கிக் கூட்டத்தைப் பறக்கவைத்து, ஒவ்வொரு பறவையும் இறங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பின் நடையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். தனித்துப்போன காடை அசையாமல் பதுங்கியிருக்கும். பத்தடி நடந்து, அரை நிமிடம் நின்றால், பொறுமையிழந்து காலடியிலேயே கிளம்பும். ஏழரை எண் ரவையும், ஓரளவு மட்டுமே குறுகிய குழல்வாயும் இதற்குப் போதும்.

பாலைவனத்தை விட்டுத் தென்கிழக்கே சோனாய்ட்டா, பட்டகோனியா பக்கத்து ஓக் புல்வெளிகளுக்குச் சென்றால் மெர்ன்ஸ் காடை உண்டு. அது கோடை மழையை நம்பி வாழ்வது. மோப்ப நாயின்றி அதைக் காண்பது அரிது. அதற்கான பருவமும் டிசம்பரில்தான் திறக்கிறது.

நாயுடன் போகிறவர் கெட்டியான சீப்பு ஒன்றையும் இடுக்கி ஒன்றையும் மறவாதீர்கள். சோய்யா கள்ளியின் கணு நாயின் பாதத்தில் ஒட்டினால் அது வாயால் பிடுங்கப் பார்க்கும். உடனே முள் நாக்கிலும் ஈறிலும் ஏறிவிடும். சீப்பைக் கணுவுக்கும் தோலுக்கும் நடுவே செலுத்தி ஒரே வீச்சில் எறிந்தபின், எஞ்சிய முட்களை இடுக்கியால் எடுங்கள். வெதுவெதுப்பான குளிர்கால நாள்களில் விரியன் வகைப் பாம்புகளும் வெளியே வரக்கூடும். தண்ணீரை உங்களுக்கும் நாய்க்கும் சேர்த்தே சுமந்து செல்லுங்கள். விலங்குகளுக்கு இருக்கும் ஒரே நீர்நிலையை அடுத்துக் கால் மைலுக்குள் முகாமிடுவதைச் சட்டம் தடுக்கிறது.

பறவையை எடுத்ததும் அதன் இறக்கையை விரித்துப் பாருங்கள். வெளிப்புறப் பெருஞ்சிறகுகளை மூடியிருக்கும் சிறு இறகுகளின் நுனி வெளிறிய பழுப்பாக இருந்தால் அது அவ்வாண்டுக் குஞ்சு. முழுவதும் சாம்பல் நிறமாயின் முதிர்ந்தது. நல்ல ஆண்டில் பையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை குஞ்சுகளாகவே இருக்கும். ஒரே ஓடையில் தொடர்ந்து முதிர்ந்தவையே விழுந்தால், அங்கே எஞ்சியிருப்பது அடுத்த ஆண்டுக்கான விதை என்று கொண்டு, அந்தப் பருவம் முழுவதும் அவ்வோடைக்கு நான் திரும்புவதில்லை.