மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகும் வடசென்னைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியில் நாங்கள் ஏறிப் பழகிய உயரம் என்றால் மேம்பாலம், இல்லாவிட்டால் ஹவுசிங் போர்டு மொட்டை மாடி. ஊரே கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. இங்கிருந்து உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள், உடம்பில் தெம்பு இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பெரிய தவறு அதுதான்.

எங்கள் கூட்டத்தில் அதிகம் அவதிப்பட்டவன், தொண்ணூறு நிமிஷமும் ஓடி ஃபுட்பால் ஆடுகிற பையன். கோவிந்த்காட்டிலிருந்து நடந்து, எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே காங்கரியா போய்ச் சேர்ந்துவிட்டான். பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் ஊர் காங்கரியா, உயரம் சுமார் 3,050 மீட்டர். மறுநாள் காலையிலேயே, 4,300 மீட்டருக்கு மேல் இருக்கும் ஹேம்குண்ட் சாகிப் என்ற சீக்கியக் கோயிலுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. "தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது மச்சான். ஒரு மாத்திர போட்டுட்டு வந்துடறேன், நீங்க போங்க." சொல்லி முடிப்பதற்குள் வாந்தி. கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவந்தோம். காங்கரியாவில் அவன் டீ கேட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஹேம்குண்ட் உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும். விளையாட்டு வீரனுக்கும் அதே கணக்குதான், அவன் விறுவிறுவென்று ஏறிவிடுவதால் சீக்கிரம் மாட்டுகிறான். கோவிந்த்காட்டுக்கு முன்னால் வரும் ஜோஷிமட்டில் ஒரு ராத்திரி தங்குங்கள். காங்கரியா போன மறுநாள், ஏற்றம் குறைவான பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஹேம்குண்டை அதற்கடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் ஓர் அடிகூட மேலே வைக்கக் கூடாது. மாத்திரை வலியை மறைத்துவிடும், கோளாறு உள்ளேயே இருக்கும். குறையவில்லை என்றால் இறங்கிவிட வேண்டியதுதான். அப்படிப்பட்டவரைத் தனியாக விட்டுவிட்டும் போகாதீர்கள்.

அடுத்தது ரயில் டிக்கெட். பூங்கா திறந்திருப்பது ஜூன் முதல் அக்டோபர் வரை. பூக்கள் மண்டிக் கிடப்பது ஜூலை, ஆகஸ்டில். மழைக்கு மலை சரிந்து, அங்கே போகும் பத்ரிநாத் சாலை அடைபடுவதும் அதே மாதங்களில்தான். ஆகவே டெல்லியிலிருந்து திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள், இரண்டு நாள் கையிருப்பு வேண்டும். காசிமேட்டில் காற்றைப் பார்க்காமல் யாராவது போட்டை எடுக்கிறார்களா?

எம்.சி. ரோட்டில் ஆசையாக எடுத்த ஜீன்ஸை வீட்டிலேயே வையுங்கள். நனைந்தால் அங்கே காயாது, குளிர் எலும்பு வரை ஏறும். புது ஷூவை இரண்டு வாரமாவது இங்கேயே போட்டு நடந்து பழக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது குதிகால் கொப்புளித்துவிடும். பூவைப் பறிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதி கிடையாது. காலையில் போய்ச் சாயங்காலத்துக்குள் காங்கரியா திரும்பிவிட வேண்டும். இதை விசாரிக்காமல் நாங்கள் ஒரு டென்ட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். லாட்ஜ் கட்டிலுக்கடியில் மூன்று நாள் கிடந்துவிட்டு, பிரிக்காத கட்டோடு அது வியாசர்பாடி வந்து சேர்ந்தது.