ஆறு எழுத்திலிருந்து ஓர் எழுத்துரு

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளின் முகப்பை அண்ணாந்து பார்த்தால் சுதையில் (சுண்ணாம்புச் சாந்தில்) புடைத்து நிற்கும் எழுத்துகள் கண்ணில் படும். ‘சிவமயம்’, ‘முருகன் துணை’, கீழே கட்டிய வருடம். இதைக் கணினி எழுத்துருவாக்க (ஃபாண்ட்) வேண்டும் என்று என்னிடம் எழுத்து வரையப் படிக்கிற பிள்ளைகள் ஆசையோடு கேட்பார்கள். நல்ல ஆசை. ஆனால் ‘முருகன் துணை’யில் இருப்பவை ஆறே எழுத்துகள். தமிழுக்கு 247 வேண்டும். கிரந்தமும் எண்களும் குறிகளும் தனி. மீதியை எங்கிருந்து எடுப்பது?

பேர்பெற்ற எழுத்துருக்களும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. ரோமில் கி.பி. 113இல் எழுப்பிய டிரேஜன் தூணின் அடியில் உள்ள கல்வெட்டைப் பார்த்து, 1989இல் அடோபி நிறுவனத்துக்காக கரோல் டுவாம்பிளி ‘டிரேஜன்’ எழுத்துருவை வரைந்தார். அந்தக் கல்வெட்டில் எச், ஜே, கே, யு, டபிள்யு, ஒய், இசட் ஆகிய ஏழு எழுத்துகள் கிடையாது. எழுத்துருவில் இவை கல்லிலிருந்து வந்தவற்றோடு உடன்பிறந்தவைபோல் நிற்கின்றன. 2000இல் டோபையாஸ் ஃப்ரியர்-ஜோன்ஸ் வரைந்த ‘கோத்தம்’ நியூயார்க்கின் போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையப் பெயர்ப் பலகையில் தொடங்கியது. பலகையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் (கேபிடல்) மட்டுமே. சிறிய எழுத்து வரிசை முழுவதையும் அவர் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது.

உருவத்தை மட்டும் நகலெடுப்பவருக்கு இது முடியாது. அந்த எழுத்தை எந்தக் கருவி, எப்படிப் போட்டது என்று கண்டுபிடித்தவருக்கு முடியும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எட்வர்ட் கேடிச் என்றொரு பாதிரியார் இருந்தார். இளமையில் போர்டு எழுதியவர். டிரேஜன் எழுத்துகளை முதலில் தட்டைத் தூரிகையால் கல்லில் எழுதி, பிறகே உளியால் வெட்டினார்கள் என்று 1968இல் வெளியிட்ட ஆய்வில் அவர் வாதிட்டார். கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிவதற்குத் தூரிகையின் சாய்வில் விளக்கம் கிடைத்தது. போர்டு எழுதிய கைக்குத்தான் அது புரிந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, நம் வீட்டு முகப்புக்கு வருவோம். உடையவரிடம் கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். எழுத்தின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் மேற்பகுதி குறுகிவிடும். எதிர்ச் சாரிக்குப் போய், முடிந்தால் எதிர் வீட்டு மாடியிலிருந்து, நேராக எடுங்கள். வெயில் பக்கவாட்டில் சாயும் வேளையே புடைப்பு எழுத்துக்கு ஏற்றது. உச்சி வெயிலில் கீழ்விளிம்பு நிழலில் கரைந்துவிடும்.

படத்தைப் பெரிதாக்கி ‘ண’வில் நிறுத்துங்கள். மூன்று சுழியும் பேனாவில் எழுதுவதைவிட அகலமாகத் திறந்திருக்கும். ஈரச் சுதையில் சுழியின் உட்குழியைக் கரணை (கொத்தனாரின் கரண்டி) முனையால் தோண்டி எடுக்க வேண்டும். சிறிய குழி தூர்ந்துவிடும். ஆகவே அகலச் சுழி கருவி தந்த குணம், அதை வைத்துக்கொள்ளுங்கள். கோடு முடியும் இடங்கள் நறுக்கென்று வெட்டுப்பட்டிருக்க வேண்டும், ஆனால் மழுங்கித் தெரியும். வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு படிந்து படிந்து வந்த மழுங்கல் அது. கொத்தனார் செய்ததல்ல. அதை எழுத்துருவில் ஏற்றுவதா என்பது உங்கள் முடிவு. நான் ஏற்ற மாட்டேன். கரணையின் கூர்மையே எனக்கு வேண்டும்.

‘ணை’யையும் கவனியுங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தைய வீடானால், யானைத் தும்பிக்கையோடு கூடிய பழைய ணை இருக்கும். புதிய வடிவத்தையும் வரைய வேண்டும், பழையதையும் மாற்று வடிவமாகக் கோப்பில் வைக்க வேண்டும். ணை, லை, ளை, னை, ணா, றா, னா என்று அந்தக் குடும்பம் முழுவதையும் வைத்தால் பழைய நூல்களை மறுபதிப்புச் செய்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

இனி வரைதல். டிரேசிங் தாளில் எழுத்தின் வெளிவிளிம்பைத் தொடாதீர்கள். நடுக்கோட்டை மட்டும் பென்சிலால் இழுங்கள். பிறகு கெட்டி அட்டையைக் கரணை முனையின் அகலத்துக்கு ஒப்ப நறுக்கி, மையில் தோய்த்து, அந்த நடுக்கோட்டின் மேல் எழுதுங்கள். முகப்பில் உள்ள தடிப்பும் முனையும் தாளில் வரும்வரை அட்டையின் அகலத்தையும் சாய்வையும் மாற்றிக்கொண்டே இருங்கள். கை பழகும்வரை கணினிப் பக்கம் போக வேண்டாம்.

கை பழகியபின், இல்லாத எழுத்துகளை அதே அட்டையால் எழுதுங்கள். ‘ம’ இருந்தால் ப, ய, ழ மூன்றுக்கும் அடித்தளம் கிடைத்துவிடும். ‘க’விலிருந்து ச. ‘ண’வின் முதல் சுழி வ, ள இரண்டையும் தொடங்கிவைக்கும். ‘ர’ துணைக்காலுக்கு அளவு சொல்லும். உகர வரிசைதான் சோதனை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒருவகையாகக் கீழே வளையும். து, நு, று, லு, ணு, னு, ஞு இன்னொரு வகை. இரண்டுக்கும் முகப்பில் மாதிரி இருக்கிறது. சு, பு, யு, வு, ஙு என்று கீழே இறங்கும் மூன்றாம் வகைக்கு மாதிரி இல்லை. கரணை செங்குத்தாக இறங்கினால் எங்கே நிற்கும் என்று கையால்தான் அறிய வேண்டும். இ, ஞ, ஐ ஆகியவற்றைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அவற்றுக்கு உறவுக்காரர்கள் குறைவு.

கணினியில் ஏற்ற, இலவசமாகக் கிடைக்கும் ஃபாண்ட்ஃபோர்ஜ் மென்பொருள் போதும். மேக் வைத்திருப்பவர்கள் பணம் கொடுத்து கிளிஃப்ஸ் வாங்கலாம். ஒட்டிப் பார்க்க ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று எழுதுங்கள். சுழி, புள்ளி, மேல் வளைவு, ழகரத்தின் வால் எல்லாம் ஒரே சொல்லில் நெருக்கியடிக்கும். அதைத் தலைப்பு அளவிலும் 10 பாயின்ட் அளவிலும் அச்செடுங்கள். சிறிய அளவில் சுழிகள் அடைபட்டால் கவலை வேண்டாம்: முகப்பு எழுத்து தூரத்திலிருந்து படிக்கப் பிறந்தது, தலைப்புக்கு மட்டும் என்று சொல்லியே வெளியிடலாம். புத்தகத்துக்கும் வேண்டுமென்றால் அதைத் தனி எழுத்துருவாக வரையுங்கள். தொலைபேசிப் புத்தகத்தின் பொடி எழுத்துக்காக 1978இல் மேத்யூ கார்ட்டர் ‘பெல் சென்டெனியல்’ வரைந்தபோது, கோடுகள் கூடும் மூலைகளில் வெட்டு விட்டார். மை பரவி அந்த வெட்டை நிரப்பிவிடும். ‘ண’வின் சுழிகள் கூடும் இடத்திலும் இதைச் செய்து பார்க்கலாம்.

எழுத்துருக் கோப்பில் விவரக் குறிப்புக்கென்று ஓர் இடம் உண்டு. பலர் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். உடையவர் சம்மதித்தால் ஊர், தெரு, முகப்பில் பொறித்த வருடம், ‘சுதை எழுத்து, கொத்தனார் பெயர் தெரியவில்லை’ என்பதையும் தமிழிலேயே அங்கே எழுதிவிட்டு வெளியிடுங்கள்.