வளையும் கோழி எலும்பு: கால்சியத்துக்கு இடம் கொடுக்கும் புரதம்

கால்சியம் சாப்பிட்டால் எலும்பு தானாக உறுதியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கால்சியம் வந்து உட்கார முதலில் ஓர் இடம் வேண்டும். அதைத் தருவது புரதம். வகுப்பில் இதைக் காட்ட மூன்று கோழிக் கால் எலும்புகள் போதும்.

எலும்பு பச்சையாக இருக்க வேண்டும். பிரியாணியிலிருந்தோ குக்கர் சூப்பிலிருந்தோ எடுத்தது ஆகாது. வெந்த எலும்பில் கொலாஜன் என்ற புரதம் ஓரளவு ஜெலட்டினாகிக் கரைந்திருக்கலாம்; சரியாக வளையாமல் உதிரலாம். சதை, சவ்வை நன்றாகச் சுரண்டிவிடுங்கள்.

இரண்டு எலும்புகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும்வரை கடை வினிகர் ஊற்றுங்கள். குமிழ் வரும், எலும்பிலுள்ள கார்பனேட் கரைந்து வாயுவாவதால் மூடியை இறுக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் அமிலம் தீர்ந்து வேலை நின்றுவிடும், பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பிராய்லர் எலும்புக்கு ஒரு வாரம் வரை ஆகும், நாட்டுக்கோழிக்கு அதற்கும் மேல். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் செய்தால் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். முனை வளைந்தும் நடுப்பகுதி விறைப்பாக இருந்தால் உள்ளே தாது மிச்சமிருக்கிறது. வலிந்து வளைத்தால் ஒடிந்துவிடும்.

தயாரானதும் ரப்பர் போல வளையும், உருவம் மட்டும் மாறியிருக்காது. மிஞ்சியது பெரும்பாலும் கொலாஜன்: மூன்று இழை முறுக்கிய கயிறு. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்த அமைப்பு இது. இந்த முறுக்கு நிலைக்க வைட்டமின் சி வேண்டும். ஏற்காடு ஆரஞ்சுக்கும் எலும்புக்கும் உள்ள உறவு அதுதான்.

மூன்றாவது எலும்பைப் பிளந்து மஜ்ஜையை நீக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். கொலுசுப் பட்டறைத் தராசு கிடைத்தால் மிக நல்லது. பிறகு திறந்த வெளியில் கரியடுப்பில் சுடுங்கள். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. முடி கருகும் வாடையோடு கறுக்கும். அங்கே நிறுத்திவிடாதீர்கள், கறுப்பு என்றால் புரதத்தின் கரி இன்னும் இருக்கிறது. வெளுக்கும்வரை ஊதுங்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு எடை மிஞ்சும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும்.

"வளைந்த எலும்பைச் சுண்ணாம்பில் போட்டால் திரும்பக் கெட்டியாகுமா?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். போட்டே பார்க்கட்டும். ஓர் எலும்பை வினிகர் போகக் கழுவி, தெளிந்த சுண்ணாம்பு நீரில் இரண்டு நாள் வையுங்கள் (கையுறை அவசியம்). பிறகு பிளேடால் குறுக்கே வெட்டினால் ஓரத்தில் மட்டும் வெள்ளைப் படிவு இருக்கும். நடுவில் அதே ரப்பர்.

காரணம், எலும்பின் தாது வெறும் சுண்ணாம்பு அல்ல, கால்சியம் பாஸ்பேட். அதுவும் கொலாஜன் இழைகளுக்குள் சுமார் 40 நானோமீட்டர் நீளமுள்ள இடைவெளிகளுக்குள் போய்ப் படிகமாக வேண்டும். அமிலத்தன்மை கொண்ட சில புரதங்கள் அதை வழிநடத்துகின்றன. அவற்றில் ஒன்றான ஆஸ்டியோபான்டின், படிகம் கண்டபடி வளராமல் தடுக்கிறது. படிகத்தைத் தடுக்கும் பைரோபாஸ்பேட்டை உடைத்து வழிவிடுவது ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி. அதுவும் புரதம்தான். பிறவியிலேயே அது குறைந்த குழந்தைகளுக்கு, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருந்தும் எலும்பு இறுகுவதில்லை.