பாதாம் மொறுமொறுக்க வேண்டுமென்றால் மீனைத் துடையுங்கள்

முதல் தடவை மீன் துண்டுகளின் மேல் பாதாம் கலவையை வைத்து ஓவனில் சுட்டபோது மீன் பதமாக வெந்திருந்தது, மேலே இருந்த பாதாம் மட்டும் ஊறிப்போய்க் கொழகொழவென்று வழிந்தது. உறைந்த மீனை அவசரமாகத் தண்ணீரில் போட்டு இளக வைத்து, சரியாகத் துடைக்காமல் தட்டில் அடுக்கிவிட்டேன். அந்த ஈரமெல்லாம் ஆவியாகிப் பாதாமுக்குள் புகுந்துவிட்டது.

இப்போது முந்தின இரவே மீனை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுகிறேன். காட், ஹாலிபட் போன்ற வெள்ளைச் சதை மீன் எதுவும் சரிதான். துண்டு 2.5 செ.மீ. தடிமன் இருந்தால் நல்லது. நான்கு துண்டுகளிலும் உப்புத் தூவிக் கால் மணி நேரம் விட்டால் மேலே முத்து முத்தாக நீர் வியர்த்து நிற்கும். அதை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். டிஷ்யூ நனையாமல் வரும்வரை ஒற்ற வேண்டும். எனக்கு வழக்கமாக மூன்று தாள் ஆகும்.

அடுத்து பாதாம், 80 கிராம். மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினாலும் ஒரு சுற்று கூடினால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும். அதனால் கத்திதான் என் கட்சி. அரிசி அளவு, மிளகு அளவு என்று கலவையாக நறுக்கினால் போதும். வால்நட்டும் போடலாம், ஆனால் அதன் தோல் சீக்கிரம் கருகிக் கசக்கும். நறுக்கியதோடு பிரெட் தூள் 3 மேசைக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, ஒரு பல் பூண்டு, எலுமிச்சைத் தோல் துருவல், மிளகுத்தூள் சேர்த்துப் பிசிறுங்கள். பிரெட் தூளை விட்டுவிடாதீர்கள், மிச்சசொச்ச ஈரத்தை உறிஞ்சுவது அதுதான்.

மீனின் மேல்பக்கம் மட்டும் கடுகு பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, கலவையை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அடியில் ஒட்டினால் ஊறி வீணாகத்தான் போகும். வால்பக்கத் துண்டு மெலிந்திருந்தால் நுனியைக் கீழே மடித்துவிடுங்கள், இல்லையென்றால் அது மட்டும் முதலில் காய்ந்துவிடும்.

ஓவன் 200 டிகிரி செல்சியஸுக்கு முன்பே சூடாகியிருக்க வேண்டும். நடுத்தட்டில் 12 முதல் 15 நிமிடம். பத்தாவது நிமிடம் எட்டிப் பாருங்கள். பாதாம் அதற்குள் சிவந்திருந்தால் மேலே ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்துங்கள். நடுவில் முள்கரண்டியைக் குத்தி லேசாகத் திருப்பினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும், கண்ணாடி போன்ற பளபளப்பு இருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் 63 டிகிரி. விருந்தாளி யாருக்காவது பாதாம், வால்நட் போன்ற கொட்டை வகை அலர்ஜி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மிஞ்சினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மேலோடு மறுபடியும் அந்தக் கொழகொழப்புக்குப் போய்விடும். நான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, எலுமிச்சை பிழிந்து, அப்படியே சாப்பிட்டுவிடுவேன்.