கேசட்டை டிஸ்க்கில் ஏற்ற முதலில் நல்ல டெக்கு வேண்டும்

மும்பை செம்பூர் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து 31 வி.எச்.எஸ். வீடியோ கேசட் இறங்கின. அக்கா கல்யாணம், தம்பி பையனின் காதுகுத்து, பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள். எல்லாவற்றையும் டிவிடி டிஸ்க்கில் ஏற்றி முடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் "எந்த கேப்சர் பெட்டி வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். டெக்கில் ஓடும் படத்தைக் கணினிக்குள் ஏற்றித் தருகிற பெட்டி அது. பெட்டியை அப்புறம் பார்க்கலாம். கேசட்டை ஓட்டுகிற டெக்கு சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. நாடாவைப் படிக்கும் ஹெட் விட்டுவிட்டதை எந்தப் பெட்டியும் பிறகு கொண்டுவந்து கொடுக்காது.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. சோர் பஜாரில் ஒரு கடையில் படம் வருகிறதா என்று மட்டும் பார்த்து ஒரு டெக்கு வாங்கி வந்தேன். வீட்டில் முதலில் போட்டதே அக்கா கல்யாணம். கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் நாடாவை இழுத்துக் கசக்கிவிட்டது. நாடாவை அழுத்திப் பிடித்து நகர்த்தும் ரப்பர் உருளை இறுகிப் போயிருந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் எட்டு விநாடி படம் கலைந்து ஓடும். அட்சதை தூவ உயர்ந்த அப்பாவின் கை பாதியில் மறைந்துவிடும்.

புது டெக்கு இனி கிடைக்காது. கடைசி வரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழையதுதான் வாங்க வேண்டும், சோதித்து வாங்க வேண்டும். லாமிங்டன் ரோடோ சோர் பஜாரோ, எங்கே போனாலும் போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு கேசட்டைக் கையில் எடுத்துப் போங்கள். 20 நிமிஷம் ஓட விடுங்கள். முழுக்க ரீவைண்ட் செய்யுங்கள். வெளியே எடுத்ததும் கேசட்டின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பொத்தானைப் பேனா முனையால் அழுத்தி மூடியைத் தூக்கிப் பாருங்கள். நாடாவின் ஓரம் கத்தியால் நறுக்கியது போல நேராக இருக்க வேண்டும். பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கியிருந்தால் அந்த டெக்கு வேண்டாம்.

நம் ஊர்க் கேசட்டுகள் பி.ஏ.எல். என்ற டிவி முறையில் பதிவானவை. வளைகுடாவிலிருந்து வந்த டெக்குகள் பெரும்பாலும் பல முறைகளையும் ஓட்டும், அதனால் கவலையில்லை. அமெரிக்காவில் வாங்கியது என்.டி.எஸ்.சி. முறை, 110 வோல்ட் மின்சாரம். இந்த வேலைக்கு அது உதவாது. எஸ்-வீடியோ துளை உள்ள எஸ்.வி.எச்.எஸ். (வி.எச்.எஸ்.ஸின் மேம்பட்ட வகை) டெக்கு அகப்பட்டால் விலை கூடினாலும் விடாதீர்கள். வி.எச்.எஸ். நாடாவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகின்றன. டிவியில் செருகும் சாதாரண மஞ்சள் கம்பி இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும், எஸ்-வீடியோ பிரித்தே அனுப்பும். பட்டுப் புடவையின் ஜரிகை ஓரத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது ஹெட் சுத்தம். ஹெட் இருப்பது டெக்கினுள் சுழலும் உலோக உருளையில். தாராவியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சிதான் எனக்குச் சொல்லித் தந்தார். "தங்கச்சி, மேலயும் கீழயும் தேய்ச்சிராதீய. ஹெட்டு ஒடிஞ்சி போயிரும். துணிய அசையாமப் பிடிங்க, உருளையச் சுத்துங்க." பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான தோல் துணியில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, உருளையின் மேல் லேசாக வைத்து, இன்னொரு கையால் உருளையை மெல்லச் சுற்றுங்கள். துணியில் பழுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை துணியை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், இழை மாட்டிக்கொள்ளும்.

மும்பையில் இன்னொரு பகை மழைக்காலம். கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் டெக்கும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். எனக்கு நான்கு கேசட் அப்படி இருந்தன. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனி டப்பாவில் மூடி வைத்து, கடைசியில் அதற்கென்றே ஒரு மட்டமான டெக்கு வைத்திருந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுத்தேன்.

இப்போது படத்தில் வாழைமரத்தையோ பந்தல் காலையோ கவனியுங்கள். நேராக நிற்க வேண்டியது நெளிந்தால், நாடாவிலிருந்து வரும் கோடுகள் ஒரே தாளத்தில் வரவில்லை என்று பொருள். கல்யாணக் கேசட்டுகள் பலவும் பிரதி எடுத்த பிரதி என்பதால் இது கூடுதலாக இருக்கும். இதைச் சீராக்க டி.பி.சி. என்ற சாதனம் உண்டு, தனியாக வாங்கினால் விலை அதிகம். பானாசோனிக் டி.எம்.ஆர். இ.எஸ். 10 அல்லது இ.எஸ். 15 டிவிடி ரெக்கார்டர் பழையது கிடைத்தால், டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் அதை மாட்டினாலே நெளிவு பெரிதும் அடங்கிவிடும். டிஸ்க் டிரைவ் கெட்டுப்போனதாக இருந்தாலும் இந்த வேலைக்குப் போதும்.

கணினி வேண்டாம் என்பவர்கள், டிரைவ் நன்றாக இருந்தால், அந்த ரெக்கார்டரிலேயே நேராக டிஸ்க்கில் பதியலாம். ஒரு மணி நேரத்துக்கான எக்ஸ்.பி., இரண்டு மணி நேரத்துக்கான எஸ்.பி. இரண்டைத் தவிர வேறு வேகத்தைத் தொடாதீர்கள். முடிந்ததும் ஃபைனலைஸ் செய்யாவிட்டால் வேறு பிளேயரில் ஓடாது.

கணினியில் செய்வதானால் கேப்சர் பெட்டி 720 × 576 அளவில், விநாடிக்கு 25 சட்டமாக (ஃபிரேம்), இன்டர்லேஸ் கலைக்காமல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்தையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டாகப் பிரித்துப் பதிவதுதான் இன்டர்லேஸ். டெக்கிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் மலிவுப் பெட்டிகள் முகங்களை அகலமாக இழுத்துவிடுகின்றன. அட்டையில் 1080 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், வி.எச்.எஸ்.ஸில் அவ்வளவு விவரமே கிடையாது. ஹஃப்யூவ் போல எதையும் இழக்காத முறையில் பதிந்தால் மணிக்கு 30 ஜி.பி. அளவுக்கு இடம் கேட்கும். அதுதான் மூலப் பிரதி. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். டிஸ்க்குக்கு எம்பெக்-2, பேரப்பிள்ளைகளின் போனுக்கு எம்பி4, இரண்டையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

டிஸ்க்கில் காகித லேபிள் ஒட்டாதீர்கள். டிஸ்க்குக்கான மார்க்கரால் நடுவட்டத்தில் எழுதினால் போதும். 4.7 ஜி.பி. டிஸ்க்கில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம்தான் கொள்ளும். அக்கா கல்யாணமோ மூன்று மணி நேரக் கேசட். எங்கே வெட்டுவது என்று அம்மாவைக் கேட்டேன். "ஊஞ்சல் முடிஞ்சதும் நிறுத்து. முகூர்த்தம் தனியா இருக்கட்டும், அதை மட்டும் அடிக்கடி பார்ப்பேன்" என்றாள். அப்படியே இரண்டு டிஸ்க்காகப் போட்டுக் கொடுத்தேன்.