ஒரு நிலத்தோட பச்சை எப்ப ஏறுது எப்ப இறங்குது: சாட்டிலைட் படத்துல பாக்குறது எப்படி

கடைசியில நம்ம கைக்கு வரப்போறது ஒரு கோடு, அவ்ளோதான். ஒரு வயலோ ஒரு காட்டுத்துண்டோ எடுத்துக்கிட்டு, ரெண்டு மூணு வருஷத்துக்கு அதோட பச்சை எப்படி ஏறி இறங்கியிருக்குன்னு காட்டுற ஒரு கிராஃப். கூகுள் எர்த் எஞ்சின்ல (சாட்டிலைட் படங்களை டவுன்லோடு பண்ணாம கூகுள் சர்வர்லயே அலசுற தளம்) பண்ணப்போறோம், வணிக நோக்கம் இல்லாத வேலைக்கு இலவசம், அக்கவுன்ட் ரிஜிஸ்டர் பண்ணி கோட் எடிட்டரைத் திறந்து வச்சுக்கோங்க. படங்களை டவுன்லோடு பண்ணி க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல செய்யவும் முடியும், ஆனா ஒரு படமே நூத்துக்கணக்கான எம்பி இருக்கும், வருஷக்கணக்குல பாக்கணும்னா அந்த வழி வேணாம்னுதான் சொல்வேன்.

எந்த சாட்டிலைட்? ஆரம்பிக்கிறவங்க யோசிக்காம சென்டினல்-2 எடுங்க. 2015-ல முதலாவது விண்ணுக்குப் போச்சு, 2017-ல ரெண்டாவது, அதுக்கப்புறம் பெரும்பாலான இடங்களுக்கு அஞ்சு நாளுக்கு ஒரு படம் கிடைக்குது, ஒரு பிக்சல் 10 மீட்டர். அதுக்கு முந்தின காலம் வேணும்னா லேண்ட்சாட் (30 மீட்டர்), பெரிய பரப்பை மொத்தமா பாக்கணும்னா மோடிஸ். சின்ன வயலுக்கு மோடிஸ் ஒத்து வராது, 250 மீட்டர் பிக்சல்ல வயலும் ரோடும் வீடும் சேர்ந்தே வந்துரும்.

முதல் வேலை, இடத்தை வரையுறது. மேப்ல வயலைச் சுத்தி பாலிகன் (கோடு போட்ட வடிவம்) போடும்போது வரப்பை ஒட்டிப் போடாதீங்க, பஃபர்ங்கிற ஃபங்ஷன்ல மைனஸ் 10 (மீட்டர்) குடுத்து உள்பக்கமா சுருக்கிடுங்க. ஓரத்து பிக்சல்ல பாதி உங்க பயிர், பாதி பக்கத்துல இருக்குற மரம்.

அடுத்து பச்சையை அளக்குற கணக்கு. இலை சிவப்பு ஒளியை ஒளிச்சேர்க்கைக்கு உறிஞ்சிக்கும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை நல்லா திருப்பி அனுப்பும். இந்த ரெண்டுக்கும் இருக்குற வித்தியாசத்தை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா வர்றதுதான் என்டிவிஐ, பச்சையைச் சொல்ற எண். சென்டினல்-2ல அகச்சிவப்பு அலைவரிசைக்கு (பேண்டு) பேர் பி8, சிவப்புக்கு பி4. வரிசையை மாத்திப் போட்டா குறி தலைகீழாயிடும். வெறும் மண்ணுக்கு பெரும்பாலும் 0.1, 0.2 பக்கம் வரும், அடர்ந்த பயிருக்கு 0.8 பக்கம், தண்ணிக்கு மைனஸ்.

இனிமேதான் கவனமா படிக்கணும், ஏன்னா ஃபார்முலா எல்லாரும் சரியாத்தான் போடுறாங்க, கிராஃப் கெட்டுப்போறது வேற ரெண்டு இடத்துல.

முதலாவது, 2022 ஜனவரி 25. அன்னையிலேர்ந்து சென்டினல்-2 டேட்டாவைத் தயாரிக்கிற முறை மாறிச்சு, ஒவ்வொரு பிக்சல் மதிப்போடயும் 1000 கூட்டியே தர்றாங்க, நாம கழிச்சுக்கணும். கழிக்கலேன்னா என்ன ஆகும்னு பாருங்க. ஒரு நல்ல பயிர், சிவப்பு 400, அகச்சிவப்பு 3600. வித்தியாசம் 3200, கூட்டுத்தொகை 4000, என்டிவிஐ 0.80. அதே பயிர், அதே ஆரோக்கியம், புது முறையில 1400, 4600ன்னு வரும். வித்தியாசம் அதே 3200 தான், ஆனா கூட்டுத்தொகை 6000 ஆயிடுச்சு, என்டிவிஐ 0.53! கிராஃப்ல 2022-க்கு அப்புறம் எல்லாமே வாடின மாதிரி தெரியும், நிலத்துல ஒண்ணுமே நடந்திருக்காது. எர்த் எஞ்சின்ல இதுக்கு வழி சுலபம், பேர்ல "ஹார்மோனைஸ்டு"ன்னு இருக்குற சர்ஃபேஸ் ரிஃப்ளெக்டன்ஸ் (வளிமண்டலத்தோட பாதிப்பை நீக்கின) கலெக்‌ஷனை எடுங்க, அதுலயே சரி பண்ணி வச்சிருக்காங்க. வேற இடத்துலேர்ந்து டவுன்லோடு பண்றவங்க கண்டிப்பா கழிச்சிருக்கான்னு பாத்துக்கோங்க.

ரெண்டாவது மேகம். மேகம் ரெண்டு அலைவரிசையிலயும் வெள்ளையா இருக்கும், அதனால என்டிவிஐ பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல வந்துரும். நிறைய பேர் மேக சதவீதம் 10-க்குக் கீழ இருக்குற படத்தை மட்டும் வடிகட்டி எடுத்துக்கிட்டு முடிஞ்சதுன்னு விட்டுடுறாங்க, அது தப்பான வடிகட்டல். அந்த சதவீதம் சுமார் 110 கிலோமீட்டர் சதுரம் இருக்குற முழு படத்துக்கும் சேர்த்து சொல்றது, படத்துல 70 சதவீதம் மேகம் இருந்தாலும் உங்க வயலுக்கு மேல வானம் தெளிவா இருந்திருக்கலாம், 5 சதவீதம்தான் மேகம்னாலும் அந்த அஞ்சும் உங்க வயல் மேலயே நின்னிருக்கலாம். அதனால படத்தை வடிகட்டாதீங்க, பிக்சலை வடிகட்டுங்க. கூடவே வர்ற எஸ்சிஎல் பேண்டுல (ஒவ்வொரு பிக்சலும் என்னன்னு நம்பர் போட்டுச் சொல்றது) 3 மேக நிழல், 8, 9 மேகம், 10 மெல்லிசான மேகம், இதையெல்லாம் மறைச்சுடலாம். ஆனா என் ஓட்டு கிளவுட் ஸ்கோர் ப்ளஸ்ஸுக்குத்தான். ஒவ்வொரு பிக்சலும் எவ்ளோ தெளிவுன்னு 0-லேர்ந்து 1 வரை மார்க் குடுக்கும், 0.6-க்குக் கீழ இருக்குறதை மறைச்சுட்டா போதும். எஸ்சிஎல் 20 மீட்டர், இது 10 மீட்டர், மேகத்தோட ஓரங்கள்லயும் நிழல்லயும் வித்தியாசம் நல்லாவே தெரியுது.

இவ்ளோ பண்ணியும் கிராஃப்ல சில குழிகள் மிச்சம் இருக்கும். அதுக்கு மாசத்துக்கு ஒரு மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற மதிப்பு) எடுங்க, சராசரி வேணாம், ஒரே ஒரு மேகம் தப்பிச்சு வந்தாலும் சராசரியை இழுத்துடும். மூணு மாசப் பயிர்னா மாசக்கணக்கு பத்தாது, 15 நாளுக்கு ஒண்ணா வைங்க. மழைக்காலத்துல சில மாசம் ஒண்ணுமே தேறாது, அந்த இடத்தை காலியாவே விடுங்க, கோட்டை இழுத்து ஒட்டவைக்காதீங்க, அங்க என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாதே.

கிராஃபைப் படிக்கும்போது ஒரு விஷயம். அஞ்சு நாள்ல 0.7-லேர்ந்து 0.2-க்கு விழுந்து அடுத்த அஞ்சு நாள்ல திரும்ப 0.7-க்கு ஏறிச்சுன்னா அது செடி இல்ல, மேகம். அறுவடைன்னா விழுந்தது விழுந்ததாவே கொஞ்ச நாள் இருக்கும். நெல் வயல்ல நடவுக்கு தண்ணி கட்டும்போது கோடு கீழ போயிட்டுத்தான் மேல வரும், அதைப் பாத்து பயிர் செத்துப்போச்சுன்னு நினைக்க வேணாம். இந்த வருஷம் வறட்சியான்னு தெரியணும்னா போன மாசத்தோட ஒப்பிடாதீங்க, போன வருஷங்களோட இதே மாசத்தோட ஒப்பிடுங்க. அடர்ந்த காட்டுல என்டிவிஐ ஒரு அளவுக்கு மேல ஏறாம மொட்டையா நிக்கும், அங்க இவிஐங்கிற இன்னொரு பச்சைக் கணக்கு நல்லா வேலை செய்யும்.

அப்டேட்: கமென்ட்ல ரெண்டு மூணு பேர் சார்ட்டே வரல, எரர் வருதுன்னு கேட்டிருந்தீங்க. என்டிவிஐ கணக்கு போடுற நார்மலைஸ்டு டிஃபரன்ஸ் ஃபங்ஷன் புதுசா ஒரு படத்தைக் குடுக்கும், அதுல பழைய படத்தோட தேதி இருக்காது, தேதி இல்லாம சார்ட் எங்க புள்ளி வைக்கும்? கிடைச்ச என்டிவிஐயை ஆட் பேண்ட்ஸ் போட்டு பழைய படத்தோடயே சேர்த்துடுங்க, இல்லேன்னா காப்பி ப்ராப்பர்ட்டீஸ் வச்சு சிஸ்டம் டைம் ஸ்டார்ட்டை (படத்தோட தேதி) கொண்டு வாங்க. மாச மீடியனுக்கும் இதே கதைதான், அந்த மாசத்தோட முதல் தேதியை நீங்களே செட் பண்ணணும். இன்னொருத்தர் குளத்துல ஓட்டை ஓட்டையா வருதுன்னாரு. பி8, பி4 ரெண்டுல எது மைனஸா இருந்தாலும் அந்த ஃபங்ஷன் பிக்சலை மறைச்சுடும், இருண்ட தண்ணியில அப்படி ஆகுறது உண்டு. செடியை மட்டும் பாக்குறவங்க அதைக் கண்டுக்க வேணாம், தண்ணியும் வேணும்னா கழித்தல் வகுத்தலை எக்ஸ்ப்ரெஷன்ல நேரடியா எழுதிக்கோங்க.